வாலிபர் கூட்டத்துல "காலத்தைப் பிரயோஜனப்படுத்துங்கள்"னு பேசச் சொல்லிருக்காங்க, என்னத்த பேச?

தாமிரபரணி_தம்பி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முக்கூடல் பக்கம் ஒரு கிராமம் நமக்கு. அடுத்த மாசம் எங்க சபை வாலிபர் ஐக்கியத்துல என்னைய பேசச் சொல்லிருக்காங்க, வசனம் எபேசியர் 5:16, "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்". செகரட்டரி அண்ணன் போன் போட்டு "தம்பி, ரீல்ஸ் பாத்தே நாசமா போவுதுக, நல்லா நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டு விட்ரு"ன்னு சொல்லிட்டாரு. எனக்கு என்ன சங்கடம்னா இந்தப் பேச்ச நாங்க ஓய்வுநாள் பள்ளில இருந்தே கேட்டுட்டு வாரோம், அப்போ டிவி, எங்க அப்பா காலத்துல சினிமா கொட்டகை, இப்போ போன், திட்டு மட்டும் மாறவே இல்ல. கூட்டத்துக்கு வாரது யாருன்னு பாத்தா காலேஜ் பிள்ளைங்க கொஞ்சம், டவுண்ல ஜவுளிக்கடைல நிக்கிற பிள்ளைங்க, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவனுங்க ரெண்டு மூணு பேரு, அப்புறம் பீடி சுத்துற அக்காமார், அவங்களும் வாலிபர் ஐக்கியம்தான் வயசு என்ன ஆனாலும். எல்லாருக்கும் சேத்து 20 நிமிஷம். வசனம் நானே தேடி எடுத்துக்கிடுவேன், பொழப்புக்கு ஒத்து வர மாரி ஏதாவது சொல்லுங்க.

நாலுமணி_அண்ணன்

தம்பி, இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு. காலைல நாலு மணிக்கு எந்திரிக்கச் சொல்லு, பாதி தொல்லை ஒழிஞ்சுது. மாற்கு 1:35ல ஆண்டவரே இருட்டோட எந்திரிச்சு வனாந்தரத்துக்குப் போயி ஜெபம் பண்ணிருக்காரு. மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி வாழ்நாள் பூரா நாலு மணிக்கு எந்திரிச்ச ஆளு, அஞ்சு மணிக்கு பிரசங்கமே வச்சிருவாரு, கூலி வேலைக்குப் போற ஜனம் கேட்டுட்டுப் போகட்டும்னு. அமெரிக்கப் பிரசங்கியாரு ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 19 வயசு வாக்குல தனக்குன்னு தீர்மானம் எழுத ஆரம்பிச்சாரு, மொத்தம் 70, அதுல அஞ்சாவதே ஒரு நொடியக்கூட வீணாக்க மாட்டேன்னுதான். நம்ம பயலுவ அந்த வயசுல என்ன எழுதுதான், ஸ்டேட்டஸ் போடுதான்.

போன பத்தி பேசாதன்னு யாராவது இங்க வந்து சொல்லுவாங்க, கேக்காத. போன்ல ரம்மி ஆடி சம்பளத்த மொத்தமா விட்ட பையன் எங்க தெருவுலயே இருக்கான், அவன் அம்மா என்கிட்ட வந்து அழுதா. அத மேடைல சொல்லாம விட்டா அது பயம், ஞானம் இல்ல.

வள்ளியூர்_வம்பன்

வந்துட்டாருப்பா நாலு மணி. அண்ணே நீங்க சாயங்காலம் கூட்டத்துல தூங்கி விழுறத நாங்க பாத்துருக்கோம் ஹா ஹா. சும்மா வெளாட்டுக்கு, கோவிச்சுக்கிடாதீங்க.

கடையம்_அக்கா

நான் எப்பயும் வாசிக்கதோட சரி, இதுக்கு எழுதாம இருக்க முடியல.

நாலு மணிக்கு எந்திரிக்கச் சொன்ன அண்ணாச்சிக்கு, நாங்க அதுக்கு முன்னாடியே எந்திரிச்சாச்சு, குழாய்ல தண்ணி வாரதே அப்பதான். தண்ணி புடிச்சு, சோறு பொங்கி, பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பிட்டு தட்ட மடில வச்சா ராத்திரி வரைக்கும் பீடிதான். இலைய நனைக்கணும் வெட்டணும், தூள வச்சு சுத்தணும், நூல் கட்டணும், நுனி மடக்கணும், ஆயிரம் தேத்திக் கொண்டுபோயி குடுத்தா கடைக்காரரு அதுல கொஞ்சத்த சரியில்லன்னு கழிச்சுப் போடுவாரு. இதுல மேடைல நின்னு ஒருத்தரு "நேரத்த வீணாக்காதீங்க"ன்னா எனக்கு சிரிப்பா வரும், என்கிட்ட வீணாக்க என்னய்யா இருக்கு.

ஆனா ஒண்ணு தம்பி. கைக்குத்தான் வேல, வாய் சும்மாதான இருக்கு. எங்க தெருவுல முந்தியெல்லாம் நாலஞ்சு வீட்டுப் பொம்பளைங்க ஒரே திண்ணைல உக்காந்து சுத்துவோம், ஒருத்தி கீர்த்தனைய எடுத்து விடுவா மத்தவங்க புடிச்சுக்கிடுவோம். 119-ம் சங்கீதம் 176 வசனம், அத 22 பகுதியா பிரிச்சிருக்குல்லா, பகுதி பகுதியா சொல்லிச் சொல்லியே மனப்பாடம் பண்ணுன பெரியம்மா ஒருத்தங்க இருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாது. இப்ப நான் போன்ல ஆடியோ பைபிள் போட்டுட்டு சுத்துதேன். செகரட்டரி அண்ணன் நாசம்னு சொல்லுத அதே போன்தான்.

எங்க அம்மா ஒல வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசிய எடுத்து தனிப் பானைல போடுவா, அது கோயிலுக்கு. மூட்டையா தூக்கிக் குடுக்க வழியில்லாத வீடுகள்ல வந்த பழக்கம் அது. நேரமும் எங்களுக்கு அப்பிடித்தான், பிடி பிடியாத்தான் எடுக்க முடியும், அம்புட்டுதான்.

ரிட்டயர்டு_வாத்தியார்

கடையம் தாயி, உங்க பதிவ ரெண்டு தடவ வாசிச்சேன்.

தம்பி, வெஸ்லியும் எட்வர்ட்ஸும் நல்லதுதான், ஆனா ஆள் தேடி அவ்வளவு தூரம் போகணுமா, டோனாவூர் உனக்கு எவ்வளவு தூரம்? அங்க இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரு இந்தியாவுக்கு வந்தது 1895ல. இங்க வந்த புதுசுல அவங்க வேல என்ன, மாட்டு வண்டி கட்டிக்கிட்டு நம்ம ஊர்ப் பொம்பளைங்க சில பேரோட கிராமம் கிராமமா போயி சுவிசேஷம் சொல்லுறது. அதுக்கு நேரம் போட்டு, திட்டம் போட்டு, சுத்திக்கிட்டே இருந்தாங்க. 1901 மார்ச்சுல தேவதாசியா இந்துக் கோயிலுக்கு விட இருந்த ஒரு சின்னப் பிள்ளை தப்பிச்சு இவங்ககிட்ட வந்து சேந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா பிள்ளைங்க, கைக்குழந்தைங்க. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வண்டி கட்டிப் போக முடியுமா? ஊர் ஊரா போறது நின்னு போச்சு. ஆத்துமாக்களுக்குச் சொல்ல வேண்டிய நேரத்த பால் காய்ச்சவும் துணி தொவைக்கவும் செலவழிக்கது சரியான்னு அவங்களுக்கே பெரிய போராட்டம் இருந்திருக்கு. ஆண்டவரு சீலைய இடுப்புல கட்டிக்கிட்டு சீஷர் கால கழுவுனத நெனச்சுத்தான் மனச தேத்திக்கிட்டாங்க. இன்னைக்கு டோனாவூர்ல பிள்ளைங்க இல்லம்னு ஒண்ணு இருக்குதுன்னா திட்டத்துல இல்லாத வேலைய அவங்க எடுத்துக்கிட்டதாலதான்.

இன்னொண்ணையும் சொல்லிருதேன். 1931ல களக்காட்டுல ஒரு குழில விழுந்து கால் ஒடிஞ்சுது, அதுக்குப் பெறவு 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரு ரூம்லயேதான். இருபது வருஷம். படுத்துக்கிட்டே எழுதுன புத்தகமே பல. இப்பிடிப்பட்ட வாழ்க்கைய உங்க டைம் டேபிள்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க?

கால்டுவெல் ஐயரையும் (போதகரத்தான் நம்ம பக்கம் ஐயர்ங்கோம்) வேணும்னா சேத்துக்க. இடையன்குடிக்கு 1841ல வந்தாரு, கோயில் கட்ட ஆரம்பிச்சது 1847, பிரதிஷ்டை 1880. நடுவுல 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் வெளிவந்தாச்சு. தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்ல சபை பாத்துக்கிட்டே செஞ்ச வேல இது. வெரசா முடிக்கணும்னு அந்த மனுசன் நெனச்சிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது.

நாலுமணி_அண்ணன்

சார் சொல்லுறத மறுக்கல. ஆனா ஏமி அம்மையாரு ஒழுங்கில்லாமலா இருந்தாங்க? டோனாவூர்ல ஜெப வேள, வேல வேள எல்லாத்துக்கும் ஒழுங்கு இருந்திருக்கு. ஒழுங்கு இருக்கவனுக்குத்தான் திட்டம் மாறும்போது தாங்க முடியும். ஒழுங்கே இல்லாதவன் "ஆண்டவர் நடத்துவாரு"ன்னு சொல்லிட்டு மத்தியானம் வரைக்கும் ஒறங்குவான், அதையும் பாத்துட்டுத்தான் இருக்கேன். நீதிமொழிகள்ல எறும்பப் போயி பாருன்னு சோம்பேறிக்கு எதுக்குச் சொல்லிருக்கு.

நைட்டூட்டி_சிஸ்டர்

பாளைல ஒரு ஆஸ்பத்திரில இருக்கேன், பேரு வேண்டாம். எனக்கு நாலு மணின்னா வார்டுல டெம்பரேச்சர், பிபி பாக்குற நேரம், அப்பதான் பேஷண்டுங்க ரொம்ப பயந்து கெடப்பாங்க, விடியுமான்னு கேப்பாங்க. வீட்டுக்கு வந்து காலைல ஒம்பது மணிக்குப் படுத்தா பக்கத்து வீட்டு மதினி "என்ன பகல்ல ஒறக்கம்"னு ஒரு மாரி கேப்பாங்க, சபைலயும் அந்தப் பார்வை உண்டு. அண்ணாச்சிக்கு 127-ம் சங்கீதம் ரெண்டாம் வசனத்த எடுத்துத் தாரேன், அதிகாலைல எந்திரிச்சு பாடுபடுறதும் வீண்னு அதுல இருக்கு, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்னும் இருக்கு. ஒறக்கத்த வேதம் வீண்னு சொல்லல.

தம்பி நீ பேசும்போது யவீரு கதைய எடு. மாற்கு 5. மக சாகக் கெடக்கா, யவீரு அவசரமா கூட்டிட்டுப் போறாரு, வழில பன்னெண்டு வருஷமா பெரும்பாடு (ரத்தப்போக்கு) உள்ள ஒரு பொம்பள பின்னால வந்து தொடுதா. ஆண்டவரு நிக்காரு. யாரு தொட்டதுன்னு கேட்டு, அவ முழுக்கதையும் சொல்லுற வரைக்கும் நிக்காரு. அந்த நேரத்துல யவீரு எப்பிடி துடிச்சிருப்பாருன்னு எனக்குத் தெரியும், கேஷுவால்டி வாசல்ல தெனம் அப்பிடி ஒரு அப்பாவ பாக்குதேன். நின்ன அந்த நேரத்துக்குள்ள பிள்ளை செத்துப்போச்சுன்னு ஆளும் வந்துருச்சு. நம்ம கணக்குல அது வீணாப்போன நேரம்தான்.

வள்ளியூர்_வம்பன்

சிஸ்டர் அருமை. ஆனா எல்லாரும் தனித்தனி ஆளோட நேரத்த பத்தியே பேசுதீங்க, எனக்கு உள்ள கேள்வி வேற. சபை நம்ம நேரத்த என்ன செய்யுது?

எங்க ஊர்ல (எந்த சபைன்னு சொல்ல மாட்டேன்) மூணு மணிக்கு கமிட்டின்னா நாலேகாலுக்குத்தான் ஆரம்பம். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) எத்தன கெடா, கத்திரிக்கா யாரு வாங்க, பந்திக்கு யாரு நிக்க, இதுக்கு ஒரு மாசம் கூட்டம். சபை எலெக்ஷன் வருஷம்னா கேக்கவே வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கும் டீக்கடை வாசல்ல பைக் நிக்கும், பைபிள் ஸ்டடிக்கு ஒரு நா அப்பிடி நின்னுருக்குமா? அசன சாப்பாட்ட குறை சொல்லல, அந்தக் குழம்புக்கு நான் எத்தன மைல் வேணும்னாலும் வருவேன், ஊர்ல இருக்க எல்லா சாதி சனமும் ஒண்ணா உக்காந்து திங்குறது சின்ன விஷயமா. ஆனா பெரியவங்க நேரத்த இப்பிடி அள்ளி எறைச்சுட்டு, பயலுவ அரை மணி நேரம் ரீல்ஸ் பாத்தா மட்டும் எபேசியர் 5:16ஆ?

ஜவுளிக்கடை_ரோஜா

அண்ணா சொன்னதுதான் எனக்கும். நான் டவுண்ல கடைல நிக்கேன். 2021ல கடைல வேல பாக்கவங்க உக்காருறதுக்கு சீட் போடணும்னு சட்டம் வந்துச்சு, ஸ்டூல் போட்டிருக்காங்க, கஸ்டமர் இருக்கும்போது யாரு உக்காருவா. ஞாயித்துக்கெழம எங்களுக்கு லீவு கெடையாது, சுழற்சி முறைல வார நாள்ல ஒரு நா. மாசத்துல எப்பயாவது ஒரு ஞாயிறு மத்தியானம் பெர்மிஷன் கேட்டு, சூப்பர்வைசர்கிட்ட மூஞ்சி வாங்கிட்டு, பஸ் புடிச்சு வந்தா கூட்டம் ஆரம்பிச்சிருக்காது. வாசல்ல நின்னு "இன்னும் ஆள் வரணும்"பாங்க. வந்தவங்க ஆள் இல்லையாக்கும். ஆரம்பிச்சு பாட்டு முடிஞ்சு மெசேஜ் வாரப்ப எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிரும், பாதில எந்திரிச்சா "வாலிபப் பிள்ளைங்களுக்கு ஆவிக்குரிய தாகமே இல்ல"ன்னு ஒரு வார்த்த.

பஸ்ல வாரப்ப ஒரு மணி நேரம் நான் ரீல்ஸ்தான் பாப்பேன். நாள் பூரா நின்னுட்டு வாரவளுக்கு அப்போ ரோமர் நிருபம் மண்டைல ஏறாது. அதுக்கு என்னைய திட்டப் போறீங்கன்னா அந்த ஞாயிறு நான் வரல தம்பி.

தாமிரபரணி_தம்பி

அக்கா திட்டல, சத்தியமா. நீங்க எழுதுனத வாசிச்சப்புறம்தான் செகரட்டரி அண்ணன் சொன்ன லைன்ல பேச முடியாதுன்னு உறுதியாச்சு. ஆனா நாலுமணி அண்ணன் சொன்ன ரம்மி பையனும் மனசுல நிக்கான். அந்தப் பக்கத்த விட்டுட்டுப் பேசுனாலும் பொய்யாயிரும்ல.

ரிட்டயர்டு_வாத்தியார்

அப்போ ரெண்டையும் பிரிச்சுப் பேசு. ரம்மி, பெட்டிங் எல்லாம் நேரப் பிரச்சனையே இல்ல, அது கொள்ளை, பிள்ளைங்க கையில இருக்கத பிடுங்கணும்னே போட்ட வலை, அந்தப் பையனுக்கு "நேரத்த மிச்சம் புடி"ன்னா உதவாது, கடன கட்ட வழி, கூட உக்கார ஒரு ஆளு, அதுதான் வேணும். ஆன்லைன் சூதாட்டத்துக்கு தடை போட்டு தமிழ்நாட்டுல சட்டமே வந்தாச்சு, அவன சபைல குத்தவாளியா நிறுத்துறத விட்டுட்டு யாராவது வீட்டுக்குப் போகணும். ரோஜா பஸ்ல பாக்குறது அசதி. ரெண்டையும் போன்ங்கிற ஒரே பேருல அடிச்சா ரெண்டு பேருமே கேக்க மாட்டாங்க.

ஐயரம்மா_ஒருத்தி

பேர் சொல்லாம எழுதுதேன், ஐயர் வீட்டுப் பொம்பளைங்க நெட்ல எழுதுனா அதுவும் ஒரு பேச்சாயிரும்.

லேட்டா ஆரம்பிக்குதுன்னு எல்லாரும் சொல்லுதீங்க, நியாயம்தான், ஆனா ஒரு சேகரத்துல (ஒரு ஐயர் பாக்குற வட்டாரத்துல) ஏழெட்டு சபை இருக்கும் பாத்துக்கிடுங்க. ஞாயித்துக்கெழம விடியக்காலம் ஒரு ஊர்ல நற்கருணை, அத முடிச்சு பைக்ல அடுத்த ஊரு, அங்க முடிஞ்சு ஞானஸ்நானம், வழில ஒரு வீட்டுல கெடையா கெடக்கவங்களுக்கு ஜெபம், நடுவுல சாவு விழுந்துருச்சுன்னா அன்னைக்கு நாள் முழுக்க அங்கதான். எங்க வீட்டுல பிள்ளைங்க அப்பாவோட உக்காந்து ஞாயித்துக்கெழம சாப்புட்டது கம்மி. சிஸ்டர் சொன்ன யவீரு கதைதான் எங்க வீட்டுல வாராவாரம், ஆனா நாங்க நிக்கது யவீரு எடத்துல.

அதுக்காக கூட்டத்த லேட்டா வைக்கலாம்னு சொல்லல. வாலிபர் கூட்டத்துக்கு ஐயர் எதுக்கு? உபதேசியார் (ஐயருக்கு உதவியா இருக்க சபை ஊழியர்) ஆரம்பிக்கலாம், நீங்களே ஆரம்பிக்கலாம். "ஐயர் வரட்டும்"னு ஒக்காந்து இருக்கது அவருக்கு மரியாதைன்னு நெனைக்கீங்க, அவரு அங்க வந்து எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கத பாத்து கூனிக்குறுகுறாரு, எனக்குத்தான தெரியும்.

கடையம்_அக்கா

ஐயரம்மா நீங்க எழுதுனது நல்லதாப் போச்சு. எங்களுக்கு ஐயர் வீட்டுச் சிரமம் தெரியவே தெரியாது.

நாலுமணி_அண்ணன்

சரி, ஒத்துக்கிடுதேன், மத்தவங்க நேரத்துல கை வைக்கதும் திருட்டுதான். அத தம்பி தைரியமா சொல்லணும், செகரட்டரி முன்னால உக்காந்திருக்கும்போதே சொல்லணும். ஆனா அந்த 20 நிமிஷத்துல அஞ்சு நிமிஷமாவது தன்னோட நாள ஆண்டவருக்கு முன்னால எண்ணிப் பாக்குறத பத்தி இருக்கணும். 90-ம் சங்கீதம் மோசேயோட ஜெபம், எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால எண்பதுன்னு சொல்லிட்டு, நாட்கள எண்ணும் அறிவத் தாரும்னு கேக்காரு. கடைல நிக்கவளுக்கும் பீடி சுத்துறவங்களுக்கும் அந்தக் கணக்கு உண்டுல்லா. கஷ்டப்படுறவங்கங்கிறதுக்காக அவங்களுக்கு வேதத்தக் கம்மியா குடுக்கது மட்டும் எப்பிடி நியாயம்?

கடையம்_அக்கா

அதான் அண்ணாச்சி, அத நீங்க மொதல்லயே இப்பிடிச் சொல்லிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். கம்மியா குடுக்காதீங்க. எங்களுக்கும் வேணும், நேரத்தோட வேணும்.

தாமிரபரணி_தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்பிடி வச்சிருக்கேன், தப்புன்னா சொல்லுங்க. யவீரு கதைல ஆரம்பிக்கேன், அப்புறம் டோனாவூர், கால்டுவெல் வேண்டாம் சார் நேரம் பத்தாது. கடையம் அக்கா சொன்ன 119-ம் சங்கீதத்த அவங்க பேரு போடாம சொல்லிக்கிடட்டுமா? கடைசில சங்கீதம் 90. ரம்மி விஷயத்த மேடைல இழுக்கல, அந்த மாரி எங்க ஊர்லயும் ஒருத்தன் இருக்கான், அவன் வீட்டுக்கு நானும் இன்னொருத்தனும் போறோம்.

அப்புறம் செகரட்டரி அண்ணன்கிட்ட நேரத்த பத்தி பேசுனேன். மூணு மணின்னா மூணு மணிக்கு, ரெண்டு பேரு இருந்தாலும் ஆரம்பம்னு சொன்னேன். "ஆள் இல்லாம எப்பிடி தம்பி"ன்னு இழுத்தாரு, வந்தவங்க ஆள் இல்லையான்னு ரோஜா அக்கா கேட்டத அப்பிடியே கேட்டேன், ஒண்ணும் பேசல. இன்னொரு யோசனையும் சொன்னேன், கடைப் பிள்ளைங்களுக்கும் பீடி சுத்துறவங்களுக்கும் ஞாயிறு மத்தியானம் ஒத்து வராது, மாசம் ஒரு தடவ வெள்ளிக்கெழம ராத்திரி எட்டரைக்கு கோயில் முத்தத்துல வச்சா என்னன்னு. கமிட்டில கேக்கணுமாம்.

வள்ளியூர்_வம்பன்

கமிட்டில கேட்டா நாலேகாலுக்கு ஆரம்பிச்சு அடுத்த அசனத்துக்கு முன்னாடி முடிவு சொல்லுவாங்க.

ஜவுளிக்கடை_ரோஜா

எட்டரைன்னா எங்க பஸ் வந்து சேராது தம்பி, கடை அடைக்கவே ஒம்பதாவும். எனக்கு லீவு இந்த மாசம் செவ்வாக்கெழம, அன்னைக்கு வச்சா இன்னும் ரெண்டு பிள்ளைங்கள கூட்டிட்டு வாரேன், அவளுகளுக்கும் அன்னைக்குத்தான்.

கடையம்_அக்கா

என் பேரப் போட்டே சொல்லு தம்பி, என்ன இப்ப. பெரியம்மா பேருதான் வேண்டாம். உங்க ஊர் பொம்பளைங்ககிட்ட தட்டோட வரலாம்னு சொல்லிரு, பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் கை சும்மா இருக்கணும்னு எங்கயும் இல்ல. அன்னைக்கு ஆயிரம் தேறலன்னா கூலி போச்சு, அதனாலதான் பாதிப் பேரு வாரதே இல்ல.

தாமிரபரணி_தம்பி

தட்டோட வரலாம்னு அறிவிப்புலயே போடச் சொல்லுதேன். செவ்வா கேட்டுப் பாக்கேன் ரோஜாக்கா.

நாலுமணி_அண்ணன்

செவ்வாக்கெழம ராத்திரின்னா எத்தன மணிக்கு முடியும்? நான் ஒம்பதுக்குப் படுக்கணும்.

நைட்டூட்டி_சிஸ்டர்

அண்ணாச்சி ஒரு நா அஞ்சு மணிக்கு எந்திரிங்க, ஒண்ணும் ஆவாது.

நாலுமணி_அண்ணன்

நாலரை.